அந்தரனுக்கு வாய்தா

அம்மை போட்டுக் கிடந்தபோதுதான் கல்யாணசுந்தரிக்கு அந்தத் தூதனைத் தெரியவந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கொப்புளம் தெரிந்த அன்றே விடுதி வார்டன் அவளை மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரித்து, ஜெபக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் படுக்க வைத்துவிட்டார். ஊருக்குப் போகலாம் என்றால் நாகலாபுரத்தில் தம்பிக்கும் அம்மை. இளநீரும் கஞ்சியும் வாசல்படி வரை வரும். கொண்டு வருகிறவள் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். பதினெட்டு நாள் அப்படிக் கிடந்தாள்.

அறை மூலையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. உள்ளே கரையான் தின்றது போக மிச்சமிருந்த பழைய சபைப் பத்திரிகைகள். பேச ஆளில்லாத குறைக்கு எடுத்து வாசித்தாள். பைபிளில் சேர்க்கப்படாமல் வெளியே நின்றுபோன கதைகளை அதில் யாரோ மாதாமாதம் எழுதியிருந்தார்கள். களிமண்ணில் குருவி செய்து, கையைத் தட்டிப் பறக்கவிட்ட பிள்ளை. குகையிலிருந்து வெளியே வந்து குழந்தையின் காலடியில் தலை தாழ்த்திய வலுசர்ப்பங்கள். பசித்துப் போனவர்களுக்காக வளைந்து கொடுத்த பேரீச்சை மரம். சுந்தரியின் வீட்டில் கும்பிடுவது கருப்பசாமியை. ஆனாலும் இந்தக் கதைகள் அவளுக்கு அசலூர்க் கதைகளாகத் தோன்றவில்லை.

ஒரு கதையை மட்டும் அவள் மூன்று தடவை வாசித்தாள். வானத்துக் காவல் தூதர்கள் இருநூறு பேர் ஒரு மலையுச்சியில் இறங்குகிறார்கள். யாரும் பின்வாங்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்கிறார்கள். பிறகு மனிதர்களிடம் வந்து, இரும்பை உருக்கவும் கண்ணுக்கு மையிடவும் வேர் பார்த்து மருந்து பறிக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். மேலே இருப்பவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. இரும்பைக் கற்றுக்கொடுத்தவனைக் கைகால் கட்டி, பாலைவனத்தில் ஒரு குழிக்குள் தள்ளி, மேலே கூரான பாறைகளைப் போட்டு மூடி, வெளிச்சம் தெரியாதபடி முகத்தையும் மூடிவிடுகிறார்கள். உலகம் முடிகிற நாள் வரை அவன் அப்படியே கிடக்க வேண்டும்.

காய்ச்சலில் நாக்கு வறண்டு கிடந்த சுந்தரி, "அவனுக்குத் தண்ணி யாரு குடுப்பா?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

படிப்பு முடிந்த அடுத்த வருடமே கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். கணவன் லிங்கராஜ் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தான். தீக்குச்சி செய்யும் தொழிற்சாலையைத்தான் இந்தப் பக்கம் ஆபீஸ் என்பார்கள். லிங்கராஜ் கெட்டவன் கிடையாது. குடி இல்லை, கை நீட்டினது இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போனதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போகிறேன் என்று சுந்தரி கேட்டபோது, "நம்ம வீட்ல அப்படிப் பழக்கம் கெடையாதே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பாள். அவன் ஏதோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பதார்த்தத்தைப் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னான். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. மாமியார் முத்துமாரியம்மாளுக்கு முழங்கால் போய்விட்டது. மாடியறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மட்டும் ஒன்றரை அடி தூரத்தில் தெரியும்.

கொரோனா ஊரடங்கில் எல்லோருமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, சுந்தரி போனில் கதை எழுத ஆரம்பித்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஒரு செயலி இருந்தது. அந்தத் தூதனை அவள் பாலைவனத்திலிருந்து எடுத்து நாகலாபுரத்துக் கரிசலுக்கு அடியில் போட்டாள். அந்தரன் என்று பெயர் வைத்தாள். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற நிலத்தில், வெடிப்பு வழியாக அவன் மூச்சுவிடும் சத்தம் மேலே கேட்கும். ஆடு மேய்க்கிற பேச்சி என்ற சிறுமி அதைக் கேட்டுவிடுகிறாள். தன் தூக்குச்சட்டியிலிருந்து தண்ணீரை வெடிப்புக்குள் ஊற்றுகிறாள். அப்படித்தான் கதை தொடங்கியது.

மாமியார் ஒருநாள் பேத்தியிடம் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மத்தியானம் சுந்தரி சோறு போடும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, கிறிஸ்தவ வேதத்துல எதுவும் சேந்துட்டியா? ஒரே தூதரு தூதருன்னு எழுதிருக்கியே."

"இல்லத்தே. சும்மா கதைதான்."

"சங்கிலி போட்டு மண்ணுக்குள்ள கெடக்கானாம்லா. அப்ப நம்ம சங்கிலி பூதத்தாரு சாமி மாதிரின்னு சொல்லு. அவருக்கும் படையல் வைக்காம இருக்கக் கூடாது. நீ தண்ணி குடுத்தது சரிதான்."

அன்றிலிருந்து முத்துமாரியம்மாள் அந்தக் கதைக்கு ரசிகை.

இருபது அத்தியாயம் போவதற்குள் ஆயிரக்கணக்கில் வாசித்தார்கள். பெங்களூரிலிருந்து ஓர் ஆடியோ கம்பெனி கூப்பிட்டது. பேசியவள் பெயர் காவியா. கதையை வாங்கிக் குரல் கொடுத்துத் தொடராகப் போடுவார்களாம். வாரத்துக்கு மூன்று பகுதி எழுதித் தந்தால் போதும் என்றாள். லிங்கராஜுக்கும் சந்தோஷம்தான். "வீட்ல இருந்துக்கிட்டே செய்யுத வேலைன்னா செய்யி. வீட்டுப் பேரு மட்டும் வரவேண்டாம்" என்றான். அதனால் 'நாகலாபுரத்தான்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டாள். ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். அறுபது பகுதியில் கதை முடியும், கடைசியில் அந்தரன் வெளியே வருவான் என்று காவியாவிடம் சொல்லியும் வைத்தாள். "சூப்பர் மேம்" என்றாள் காவியா.

ஐம்பத்தைந்தாவது பகுதி வந்தபோது காவியா மறுபடி கூப்பிட்டாள்.

"மேம், அவனை இப்ப வெளியே விட வேண்டாம். அவன் கட்டுக்குள்ள தவிக்கிற பகுதியைத்தான் ஜனங்க அதிகமா கேக்கிறாங்க. விட்டுட்டா அப்புறம் யாரு கேப்பாங்க?"

"முடிவு அதுதானம்மா. அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்."

"முடிவை நீட்டலாமே மேம். முடிவு எப்பங்கறதைக் கம்பெனிதான் சொல்லணும். ஒப்பந்தத்துல பதினாலாவது பிரிவு பாருங்க."

பார்த்தாள். இருந்தது.

அப்புறம் சுந்தரியின் வேலை அந்தரனைக் கட்டுவதாக ஆகிப்போனது. மத்தியானம் மாமியார் கண் அயர்ந்ததும் மாடியறைக்குப் போய் உட்காருவாள். ஒரு சங்கிலி அறுபடும், அதற்குக் கீழே இன்னொரு சங்கிலி இருக்கும். முகத்திரை விலகும், விலகினால் அது கனவாக இருக்கும். காப்பாற்ற வருகிற துறவி துரோகியாக மாறுவார். மழை பெய்தால் கரிசல் ஊதி வெடிப்புகள் மூடிக்கொள்ளும், அவனுக்கு மூச்சு முட்டும். வாரம் மூன்று என்றது ஐந்தானது. இருநூறு தாண்டியது, இருநூற்று ஐம்பது தாண்டியது. முதலில் எழுதும்போது அந்தரனின் குரல் அவளுக்குக் கேட்கும். இப்போது அவன் பேசுவதே இல்லை. இவள் கட்டுவதற்கு அவன் கையை நீட்டிக்கொண்டு கிடந்தான்.

வருடத்தில் ஒரே நாள்தான் சுந்தரி தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். ஆயுத பூசைக்குப் பொரியும் சுண்டலும் கொடுப்பது முதலாளி வீட்டம்மாவின் வேலை. அந்த வருடம் பூசைக்கு முந்தி, லேபிள் ஒட்டிப் பண்டல் போடுகிற கொட்டகைக்குள் அவள் நுழைந்தபோது, ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து அவளுடைய வரிகள் கேட்டன. முந்தின வாரம் எழுதிய பகுதி. பதினைந்து பெண்கள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாண்டிச்செல்வி என்ற பெண் எழுந்து இடம் கொடுத்தாள். பசுவந்தனையிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். முதலாளி அண்ணாச்சி என்பதால் சுந்தரி அவளுக்கு மதினி.

"இருங்க மதினி. இந்தப் பாட்டம் முடிஞ்சிரட்டும்" என்றாள்.

முடிந்தது. அந்தரன் மறுபடி கட்டப்பட்டான். பாண்டிச்செல்வி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கையிலிருந்த லேபிளைக் கசக்கி எறிந்தாள்.

"இந்தக் கதக்காரன் கையில கெடச்சான்னா நாலு அறை வைப்பேன் மதினி. இதோ அவுக்குதேன், அதோ அவுக்குதேன்னு வாய்தா வாங்கிட்டே இருக்கான்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த யோகலட்சுமி சுந்தரியின் காதருகே சொன்னாள்: "அவ அண்ணன் மூணு வருசமா ஜெயில்ல கெடக்கான். அடிதடில இவனும் கூட நின்னான்னு பிடிச்சிட்டுப் போனாவ. கேசு இன்னும் எடுக்கவே இல்ல. ஒவ்வொரு தடவையும் வாய்தாதான்."

சுந்தரி சுண்டல் பொட்டலத்தை நீட்டினாள். பாண்டிச்செல்வி வாங்கிக்கொண்டு, "அவன விட்டாத்தான் எனக்கு மூச்சு வரும் போல இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்த சுந்தரி உடுத்தின பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினாள். பேச்சி தண்ணீர் ஊற்றுகிறாள். ஆண்டுக்கணக்காக ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகிறது, பிள்ளைகள் பிறக்கின்றன, தலை நரைக்கிறது. ஒருநாள் கரிசலுக்குள்ளிருந்து நறநறவென்று ஒரு சத்தம். தாகத்துக்கு ஊற்றிய தண்ணீரிலேயே சங்கிலி துருப்பிடித்து அறுந்துபோகிறது. மனிதனுக்கு இரும்பைக் கற்றுக்கொடுத்தவனை இரும்பு விட்டுவிடுகிறது. வாள் கிடையாது, போர் கிடையாது, வானத்திலிருந்து யாரும் இறங்கி வரவும் இல்லை. மூன்று மணிக்குள் முடித்து அனுப்பிவிட்டாள்.

மறுநாளே திரும்பி வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்புக் குறிப்புகள். இதைப் பேச்சியின் கனவாக மாற்றவும் என்று கடைசிக் குறிப்பு.

மாற்றிக் கொடுத்தாள். அதைத்தான் பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

லிங்கராஜிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இதை நிறுத்திரணும் போல இருக்குங்க."

"ஏன், ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அதில்ல. அவிய சொல்லுத மாதிரி எழுத ஏலல."

"நான் ஒருத்தன்கிட்ட சரக்கு அனுப்புதேன்னு சொல்லிட்டா, மழையோ வெயிலோ சரக்கு போய்ச் சேரணும். கையெழுத்துப் போட்டுட்டு மாறக் கூடாது சுந்தரி. கதைதான? அவிய கேக்குத மாதிரி எழுதிக் குடுத்துட்டுப் போ."

பொங்கல் கழிந்து நான்காம் நாள் காவியா கூப்பிட்டாள். கேட்பவர் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம். பேச்சியைக் கொன்றுவிட வேண்டும் என்றாள். வெடிப்பு வழியாக அந்தரன் அதைக் கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க அதை இழுக்கலாம்.

"அவளை நான் கொல்ல மாட்டேன்" என்றாள் சுந்தரி.

"மேம், நீங்க விட்டுட்டா கதை நிக்காது. ஏற்கெனவே உங்க முந்நூத்து நாப்பது பகுதியையும் மிஷினுக்குக் கொடுத்தாச்சு. அது உங்களை மாதிரியே எழுதும். நாங்க திருத்திக்குவோம்." காவியா குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே எழுதினா அவ வலியில்லாம சாகற மாதிரியாவது எழுதலாம்ல மேம். அதுக்காகத்தான் சொல்றேன்."

அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னாள். இருந்தால் சுந்தரி பேச்சியைத் தன் கையால் கொல்ல வேண்டும். போனால் யாரென்றே தெரியாத ஒன்று கொல்லும். அந்தரன் இரண்டிலும் கட்டுக்குள்தான். மூன்று நாள் அவள் மாடிக்கே போகவில்லை. நான்காம் நாள் விலகிக்கொள்வதாக எழுதி அனுப்பினாள். பதில் மரியாதையாக வந்தது. இரண்டு வருடத்துக்கு இந்தக் கதையையோ, தூதர்கள் வருகிற வேறு எந்தக் கதையையோ, எந்தப் பெயரிலும் அவள் எழுதி வெளியிடக் கூடாது. கம்பெனி அவளுக்கு நல்வாழ்த்துத் தெரிவித்திருந்தது.

பத்தாம் நாள் மாமியார் கட்டிலிலிருந்து கத்தினார்.

"ஏட்டி சுந்தரி! அந்தப் பிள்ளைய ஏன் கொன்ன? தண்ணி குடுத்ததத் தவிர அது என்ன பாவம் செஞ்சிச்சு?"

"நான் கொல்லலத்தே."

"பின்ன யாரு? உன் கதைலா?"

சுந்தரி செருப்பை மாட்டிக்கொண்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அவள் தனியாகத் தெருவில் இறங்கியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கொட்டகையில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. பாண்டிச்செல்வியின் கண் வீங்கியிருந்தது.

"நாகலாபுரத்தான் நான்தான்" என்றாள் சுந்தரி.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு யோகலட்சுமி சிரித்தாள். பாண்டிச்செல்வி எழுந்து பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களா மதினி? நீங்களா இம்புட்டு வாய்தா வாங்குனது?"

"ஆமா. பேச்சிய மட்டும் நான் கொல்லல. அதுக்கு மாட்டேன்னுட்டு வந்துட்டேன். நான் வச்சிருந்த முடிவு வேற. எழுதத்தான் கூடாதுன்னு சொல்லிருக்காவ. சொல்லட்டுமா?"

தரையில் உட்கார்ந்து சொன்னாள். திரும்பி வந்த அந்தப் பகுதியை, கனவாக மாற்றாமல், முதலில் எழுதினபடியே சொன்னாள். தண்ணீர், துரு, அறுந்த சங்கிலி. அந்தரன் மேலே வந்து வரப்பில் உட்காருகிறான். இறக்கை விரியாது, உளுத்துப்போயிருக்கிறது. முகத்திரையைக் கிழவி பேச்சிதான் அவிழ்த்துவிடுகிறாள். வெயிலில் கண் கூசுகிறது. பசிக்குது என்கிறான். அவ்வளவுதான்.

பாண்டிச்செல்வியும் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப அது கனவு இல்லையா? கிழவியே ஆயிட்டாளா? எத்தனை வருசம்?" என்றாள்.

"ஒரு நாப்பது வருசம்."

"நாப்பது ரொம்ப மதினி. கொறைங்க."

"துருப்பிடிக்க நாளாகும்லா செல்வி."

"உங்க கதைதான? கொறைங்க."

"சரி, பத்து."

"பத்துன்னா எங்க அம்ம இருக்க மாட்டா."

"அஞ்சு."

பாண்டிச்செல்வி விரலை மடக்கிப் பார்த்தாள். "நாலுன்னு வைங்க. நாலுன்னா வார ஆவணி, அண்ணன் உள்ள போயி நாலு முடியும்."

"நாலு வருசத்துல இரும்புச் சங்கிலி அறுமா ஏட்டி?" என்றாள் யோகலட்சுமி.

"அறும். எங்க ஊர்த் தண்ணி உப்புத் தண்ணிலா. கெணத்துக்குள்ள கெடக்குத இரும்புக் குழாய் மூணே வருசத்துல பொத்துப் போவுது. பேச்சி எங்க ஊர்த் தண்ணிய ஊத்துனான்னு வச்சுக்கோ."

முந்நூற்று நாற்பது பகுதி எழுதியும் அந்த உப்புத் தண்ணீர் சுந்தரிக்குத் தோன்றவே இல்லை. "சரி, நாலு. உப்புத் தண்ணி" என்றாள்.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே பாண்டிச்செல்வி கேட்டாள்.

"போன்ல இப்படி வராதுல்லா மதினி?"

"வராது."

"அதுல கட்டித்தான் கெடப்பான்."

"ஆமா."

அன்று சாயங்காலம் லிங்கராஜ் வீட்டுக்கு வந்து, ஆபீசுக்கு வந்தாயாமே என்று மட்டும் கேட்டான். ஆமா என்றாள். இனிமேல் செவ்வாய்க்கிழமை தோறும் கதை சொல்லப் போவேன் என்றும் சொன்னாள். அவன் டிவியைப் போட்டான். இப்போதும் செவ்வாய்க்கிழமை போகிறாள். வேறு நாளில், வேறு இடத்துக்கு, இன்னும் போனதில்லை.

கம்பெனிக்கு ஏழு கடிதம் எழுதியபிறகு தொடரிலிருந்து அவள் புனைபெயரை எடுத்துவிட்டார்கள். காவியா வேலையை விட்டுவிட்டாளாம். ஆவணியில் பாண்டிச்செல்வியின் அண்ணன் கேசு விசாரணைக்கு வந்தது. அரசுத் தரப்பு சாட்சி வரவில்லை என்று கார்த்திகைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்றைக்கு வேலைக்கு வந்தவள் ஸ்பீக்கரை எடுத்து வெளியே வைக்கவே இல்லை.

தொடர் அறுநூறைத் தாண்டிவிட்டது. முத்துமாரியம்மாள் கேட்பதை நிறுத்தவில்லை. இப்போது சரியில்லை, பேச்செல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று திட்டிக்கொண்டே, என்னதான் ஆகிறதென்று பார்ப்போம் என்று தினமும் ஒரு மணிக்குக் காது மந்தத்துக்காகச் சத்தமாக வைத்துக் கேட்பார். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் சுந்தரிக்கு, தான் எழுதாத வார்த்தைகளில் அந்தரன் கெஞ்சுவது கேட்கும். ஒருநாள் தாங்க முடியாமல் சமையலறைக் கதவைச் சாத்தப்போனாள்.

"கதவ அடைக்காதட்டி" என்றார் மாமியார். "காத்து வரட்டும்."